அங்கம்மாவின் மூக்கு

கஞ்சி ஆறட்டும். ஆறுவதற்கு முன்னால் அம்மா விழித்துக்கொள்ளக் கூடாது, ஆறிப்போய் ஏடு கட்டின பிறகும் தூங்கிக்கொண்டிருக்கக் கூடாது, இரண்டுக்கும் நடுவில் எங்கேயாவது அவள் கண்ணைத் திறக்க வேண்டும், திறந்ததும் என் மூக்கைப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு தெய்வானை என்று என் பேரைச் சொல்ல வேண்டும். ஒரு தடவை போதும். அதற்குப் பிறகு மறந்தாலும் சரி. மூக்கு விண்ணென்று தெறிக்கிறது. நேற்றுதான் குத்திக்கொண்டு வந்தேன், நாற்பத்தெட்டு வயதில், ஈப்போ கடைத்தெருவில், தன் அம்மா மடியில் அலறிக்கொண்டிருந்த ஒரு கைக்குழந்தைக்கு அடுத்த ஆளாக. ஆசாரி என்னிடம் மலாயில்தான் பேசினார். பழைய ஓட்டை தூர்ந்துபோச்சு, அதே இடத்துல குத்துங்க என்று நான் தமிழில் சொன்னதும் கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். முதலில் முகத்தைப் பார்க்கும், பிறகு வாயைப் பார்க்கும், சத்தம் வேறு எங்கிருந்தாவது வருகிறதா என்று பின்னாலும் ஒரு முறை பார்க்கும். நான் கொடுத்த மூக்குத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பழைய வேலைப்பாடும்மா, யாரோடது?" என்றார். "எங்கம்மாவோடது" என்றேன். அதற்கும் ஒரு பார்வை. ஒற்றைச் சிவப்புக்கல். கல்யாணத்தன்று போட்டது, கழற்றினதே இல்லை, போன வருஷம் தலையைப் படம் பிடிக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோதுதான் தாதி சோப்புத் தண்ணீர் விட்டுத் திருகித் திருகி எடுத்தாள், எடுத்த இடத்தில் கறுப்பாய் ஒரு புள்ளி, அந்தப் புள்ளி இப்போதும் தூங்குகிறவளின் மூக்கில் இருக்கிறது. காலையில் துணி காயப்போடும்போது பக்கத்து வீட்டு ரெங்கம்மா அக்கா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டுச் சொன்னாள், "பசியாறிட்டியாடி? ஐயோ, நல்லா வீங்கிக் கெடக்கு. இப்பத்தான் ஒனக்கு அங்கம்மா மூக்கு வந்துருக்கு." சிரித்தேன். உள்ளே வந்து கண்ணாடியில் பார்த்தேன். அக்கா சொன்னது நிஜம்தான், ஒரு பக்கம் புடைத்து, சிவந்து, கல் மின்ன, எனக்கே சற்று அம்மா ஜாடை தெரிந்தது. அதைப் பார்த்ததிலிருந்துதான் இந்த ஆசை இவ்வளவு பெரிதாகிவிட்டது.

மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இடத்தில் டக் என்கிறது. வெளியே மேகம் மலைமேல் இறங்குகிறது, எங்கள் ஊர் புந்தோங்கில் நாலு மணி மழைக்கு முன்னால் வருகிற புழுக்கம், யார் வீட்டிலோ கடலை வறுக்கிற வாசனை. அந்த வாசனைக்கு அம்மா மூக்கை உறிஞ்சுவாளே, வறுத்தது பதமா கருகலா என்று தூக்கத்திலேயே சொல்லிவிடுவாளே, வாழ்நாள் முழுக்கக் கடலை வறுத்துக் கடைகளுக்குப் போட்டவள், இன்றைக்கு அசையவில்லை. நான் வெளிநாட்டில், லீட்ஸில் கணக்கு வாத்தியார் வேலையை விட்டுவிட்டு வந்த புதிதில் என்னைத் தெரிந்தது. பேரைச் சொன்னாள், மெலிஞ்சிட்டியேடி என்றாள். பிறகு ஒரு நாள் விடியக்காலையில் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, என்னை மேலும் கீழும் பார்த்து, மரியாதையாகப் புன்னகைத்து, "அமோய்" என்றாள். எங்கள் ஊரில் சீனப் பெண்பிள்ளைகளைக் கூப்பிடுகிற சொல். கடைக்காரப் பெண்ணை, தாதியை, பேர் தெரியாத யாரை வேண்டுமானாலும். "அமோய், சூடா மாக்கான்?" சாப்பிட்டாச்சா என்று மலாயில், சந்தை மலாயில், பிறத்தியாரிடம் பேசுகிற மலாயில். என்னைப் பெற்ற வீட்டில் என்ன மொழி பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் இந்த வீட்டில் அம்மா என்னிடம் தமிழைத் தவிர வேறெதுவும் பேசியது கிடையாது. அம்மா, நான்தாம்மா, தெய்வானை என்றேன். அவள் பக்கத்திலிருந்த சுவரிடம் சொன்னாள், "நல்லா தமிழ் பேசுது இந்த அமோய்." ஊரே சொல்லி நான் சலித்துப்போன வாக்கியம் அது. அவள் ஒருத்தி மட்டும் சொன்னதில்லை. விசித்திரம் என்னவென்றால் கண் மூடிக் கிடக்கும்போது அம்மா என்று கூப்பிட்டால் ம் என்கிறாள், அந்த ம் எனக்கானது, அதில் சந்தேகமில்லை. கண்ணைத் திறந்தால் போய்விடுகிறது. லீட்ஸிலிருந்து தொலைபேசியில் பேசின காலமெல்லாம் குரலாக இருந்தேன், மகளாக இருந்தேன். டிக்கெட் வாங்கி முகத்தையும் எடுத்துக்கொண்டு வந்தேன், அமோய் ஆகிவிட்டேன்.

முகம். முகத்துக்கும் பேருக்கும் சண்டை மூட்டிவிட்டு நடுவில் நின்றதுதான் என் பிழைப்பு. எங்களுக்கு வெள்ளைக்காரர்கள் மாதிரி குடும்பப்பெயர் கிடையாது, அப்பா பேர்தான். தெய்வானை, அடுத்து மலாயில் மகள் என்பதற்கு இரண்டெழுத்து, ஏ, பி, நடுவில் ஒரு சாய்ந்த கோடு, அப்புறம் பச்சையப்பன். இன்னார் மகள். அதில் ரத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, நகராட்சியில் சாலை போட்ட பச்சையப்பன் என்கிற மனிதர் இவளை மகள் என்றார் என்று மட்டும்தான் இருக்கிறது, ஆனாலும் எல்லாரும் அதை ரத்தமாகவே படித்தார்கள். தமிழ்ப்பள்ளியில் பேர் வாசித்து முகம் தேடினார்கள், பிறகு மலாய்ப் பள்ளியில் முகம் பார்த்து இனம் எழுதிவிட்டுப் பேர் கேட்டு அடித்து எழுதினார்கள். இரண்டு மொழியில் படித்தேன், இரண்டும் என் முகத்துக்கு ஒத்துவராத மொழிகள். சீனக் காய்கறிக்காரர் அவர்கள் கான்டனீஸில் என்னவோ கேட்பார், விழிப்பேன், சொந்த மொழி தெரியாதா, வெட்கமாக இல்லையா என்று மலாயில் திட்டுவார், எது அய்யா சொந்தம் என்று கேட்க எனக்கு அப்போது வயது போதவில்லை. லீட்ஸில் கணினி அந்தச் சாய்ந்த கோட்டை ஏற்காமல் தின்றுவிட்டது, ஏபி என்பதை என் நடுப்பெயராக்கிவிட்டது. மகள் என்பதையே பேராக வைத்துக்கொண்டு அங்கே இருபது வருஷத்துக்கு மேல் இருந்தேன். பெற்றோர் கூட்டத்தில் பச்சையப்பன் டீச்சர் எங்கே என்று என்னிடமே வந்து கேட்பார்கள், நான்தான் என்றால், ஓ, கணவர் இந்தியரா என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவதும் உண்டு, சுருக்கமாக முடியும். கூட வேலை பார்த்த ஒருத்தி கிறிஸ்துமஸுக்கு ஒரு சின்னப் பெட்டி கொடுத்தாள், குழாயில் எச்சில் துப்பி அனுப்பினால் பூர்வீகம் சொல்வார்களாம். துப்பப் போனேன், வாயில் எச்சில் ஊறி நின்றது, அப்போது ரெங்கம்மா அக்கா சொன்னது ஞாபகம் வந்தது, எனக்குப் பல் முளைக்கும்வரை அம்மா சோற்றை மென்று மென்று ஊட்டினாளாம். யாருடைய எச்சிலை அனுப்புவது என்று குழப்பமாகப் போய்விட்டது. விழுங்கிவிட்டுப் பெட்டியை அலமாரியில் வைத்தேன். அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள், தெற்குச் சீனம் என்பார்கள், அதைக் கண்ணாடியே சொல்கிறது. கண்ணாடிக்குத் தெரியாததை அந்தக் குழாயும் சொல்லியிருக்காது.

அசைகிறாளா. இல்லை, கால்தான். கரண்டியால் ஓரத்துக் கஞ்சியைத் தொட்டுப் பார்த்தேன், இன்னும் சுடுகிறது, நல்லது. தெருவில் எல்லா வீட்டிலும் பிள்ளைகளைச் சீண்டுவார்கள், உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம் என்று. அழுகிற பிள்ளையைப் பார்த்து அப்பன் ஆத்தாள் எல்லாரும் சிரிப்பார்கள், ஏனென்றால் அந்தப் பிள்ளையின் நெற்றியும் காதும் அப்பன் மாதிரியே இருக்கும். எங்கள் வீட்டில் மட்டும் அந்தப் பேச்சை யாரும் எடுத்ததில்லை. ஒரு முறை நானாகவே கேட்டேன், எல்லாரும் சொல்றாங்களே, என்னைத் தவிட்டுக்கு வாங்குனீங்களாம்மா. அம்மா வறுத்துக்கொண்டிருந்த கடலையைக் கருகவிட்டாள். பிறகு சொன்னாள், "தவிட்டுக்கா? ஒன்னையா? ஒரு பாட்டில் பிராந்தியும் ரெண்டு கோழியும் குடுத்து எடுத்துட்டு வந்தேன், கொஞ்சமாவா." ஆற்றுக்கு அந்தப் பக்கம் சீனக் கம்பத்தில், அந்தச் சின்னக் கிராமத்தில், ஒரு வீட்டில் ஏற்கெனவே ஐந்து பெண், சீனக் கணக்கில் பெண்ணுக்கு ஆகாத புலி வருஷத்தில் பிறந்த ஆறாவதை வீட்டில் வைத்திருக்க மாட்டோம் என்றார்களாம், அம்மாவுக்குப் பிள்ளை தங்கவில்லை. அவ்வளவுதான் கதை, அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சந்தையில் எங்களுக்குள் ஒரு விளையாட்டு இருந்தது. புதிதாக யாராவது தமிழ்ப் பொம்பளை என்னைப் பார்த்து, இது என்னடி சீனச்சிப் பிள்ளையைக் கூட்டிட்டு வருது, மூக்கே இல்லை, சப்பையா இருக்கு என்று பக்கத்தில் நிற்பவளிடம் சொல்வாள். அம்மா காது கேட்காதவள் மாதிரி கத்திரிக்காயைப் பொறுக்குவாள். பேசி முடிக்கட்டும் என்று விட்டு, சாவகாசமாகத் திரும்பி, "தெய்வான, அந்த அக்கா என்னம்மா சொன்னாங்க?" என்பாள். நான் ஒரு எழுத்து விடாமல் ஒப்பிப்பேன். அந்தப் பொம்பளை முகம் போகிற போக்கைப் பார்த்துவிட்டு வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டு வருவோம். மற்ற சீனப் பிள்ளைகளும் மலாய்க்காரப் பிள்ளைகளும் அம்மாவை ஆச்சி என்றுதான் கூப்பிடும், ஆச்சி, கடலை என்ன விலை, ஆச்சி, கொஞ்சம் கூடப் போடு. தமிழ்ப் பொம்பளை என்றால் அவர்களுக்கு ஆச்சி. நான் அம்மா என்று கூப்பிடுகிற நொடியில் கடையில் இருக்கிற அத்தனை பேரும் திரும்புவார்கள். அப்போது அம்மா கொஞ்சம் நிமிர்ந்துகொள்வாள், பார்த்திருக்கிறேன்.

மூக்கே இல்லை. ஆனால் அம்மா கடைசிவரை என்ன சொன்னாள், மூக்கு அப்படியே என் மூக்கு என்றாள். வீட்டுக்கு வருகிறவர்களிடம் என்னை நிறுத்திவைத்துக் காட்டுவாள், கண்ணு வேணா அவங்க கண்ணு, மூக்கு என்னுது. வந்தவர்கள் காபியைப் பார்த்துக்கொண்டு ஆமாம் ஆமாம் என்பார்கள். அவள் பொய் சொல்லவில்லை. பிறந்து நாலாம் நாளிலிருந்து எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போதெல்லாம் இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து நீவி நீவி எடுத்திருக்கிறாள், எல்லாத் தாய்களும் செய்வதுதான், ஆனால் என் விஷயத்தில் அவள் கூடுதலாக உழைத்திருக்கிறாள், ஒரு வயது தாண்டியும் நீவினாளாம், பள்ளிக்கூடம் போகிற வயதிலும் தலை துவட்டும்போது விரல் தானாக மூக்குக்கு வரும். கடலை எண்ணெய் வாசனை, சொரசொரப்பான கட்டைவிரல், மேலிருந்து கீழே. அவ்வளவு நீவினதில் ஒரு நெல்லளவாவது எழும்பியிருக்குமா. நான் வயதுக்கு வந்தபோது மூக்குக் குத்தியே தீர வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போனாள், இந்த மூக்கில் எங்கம்மா குத்துவது என்று அந்தக் காலத்து ஆசாரி சிரித்தான், அம்மா சிரிக்கவில்லை, "என் மூக்குல குத்துனீங்கல்ல, அதே மாதிரி குத்துங்க" என்றாள். அந்த ஓட்டை லீட்ஸில் ஒரு குளிர்காலத்தில் சீழ் வைத்து, மருத்துவர் எடுக்கச் சொல்லி, தானாக மூடிக்கொண்டது. உடம்பு அதன் பழைய கணக்குக்குத் திரும்பிவிடுகிறது. அம்மாவின் மூளையும் அப்படித்தானோ, இத்தனை வருஷம் நீவி நீவி எழுப்பி வைத்திருந்தது, இப்போது பிடித்த விரலை எடுத்துவிட்டதோ, மற்றவர்களெல்லாம் முதல் பார்வையில் பார்த்த முகம் அவளுக்குக் கடைசியாகத் தெரிகிறதோ. இல்லை, அப்படியிருக்கக் கூடாது. அப்படியென்றால் அவள் அவ்வளவு காலமும் தெரிந்துகொண்டேதான்... வேண்டாம். கஞ்சி ஆறிவிட்டது. வெதுவெதுப்பு. அம்மாவின் இமை துடிக்கிறது.

கண்ணைத் திறந்தாள். முதலில் மின்விசிறி, பிறகு ஜன்னல், பிறகு நான். நான் முகத்தைக் கொஞ்சம் வலது பக்கம் திருப்பி வெளிச்சம் படுகிற மாதிரி உட்கார்ந்தேன். பார்வை கண்ணில் நின்றது, நழுவியது, மூக்குக்கு வந்தது. அங்கேயே நின்றது. அவள் புருவம் மெல்ல ஏறுவதைப் பார்த்தேன், உதடு பிரிவதைப் பார்த்தேன், வருகிறது, வந்துவிட்டது, அவள் கை எழும்பி என் மூக்குக்கு அருகில் வந்தது, அந்தக் கட்டைவிரல், நான் கண்ணை மூடிக்கொண்டேன். விரல் கல்லைப் பிடித்தது. இழுத்தது. புதுப் புண்ணுக்குள் கம்பி போல வலி ஏற, "இது என்னுது" என்றாள் அம்மா. பிறகு என்னைப் பார்த்து மலாயிலும் அதையே சொன்னாள், புரியட்டும் என்று. பிறகு சுவரைப் பார்த்து, ஜன்னலைப் பார்த்து, இல்லாத யார் யாரையோ பார்த்துத் தமிழில் கத்தினாள், "ரெங்கம்மா, ஓடியா, இந்தச் சீனச்சி எம் மூக்குத்தியத் திருடிப் போட்டுக்கிட்டு ஒக்காந்துருக்கா. எம் மகளுக்குன்னு வச்சுருந்தேன். அவ வந்தா என்னத்த நான் குடுப்பேன்." அம்மா, நான்தாம்மா உன் மக, திருடலம்மா என்றேன். அவள் வாய் மூடியது. கண்ணில் பயம் வந்தது, நான் அவளிடம் இதுவரை பார்த்திராத பயம், உடம்பைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு ரகசியக் குரலில் சொன்னாள், "நாம பேசுறது எல்லாம் இதுக்கு வெளங்குது." சந்தையில் நாங்கள் சிரித்துக்கொண்டு வந்த அந்த விளையாட்டு. அந்தப் பொம்பளைகளின் முகம் போன போக்கு. இப்போது அது அம்மாவின் முகம், ஒப்பிக்கிற பிள்ளை நான்.

கரண்டியைக் கொண்டுபோனேன், பல்லைக் கடித்துக்கொண்டாள். நேற்று ராத்திரியும் சரியாகச் சாப்பிடவில்லை. இன்னொரு முறை கொண்டுபோனேன், தட்டிவிட்டாள், கஞ்சி என் கைலியில் சிந்தியது. தமிழில் ஒவ்வொரு வார்த்தை நான் சொல்லச் சொல்ல அவள் இன்னும் சின்னதாகச் சுருங்கினாள். வெளியே மழை தகரத்தில் விழ ஆரம்பித்துவிட்டது. கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியாமல், ஐந்து பெண்ணோடு நிறுத்தியிருக்கக் கூடாதா என்று முகம் தெரியாத ஒருத்திமேல், எழுந்து போய்விடலாம், ஓர் ஆளை வைத்துவிட்டு லீட்ஸுக்கே போய் அங்கிருந்து தொலைபேசியில் மகளாக இருக்கலாம். எழுந்திருக்கவில்லை. கையைத் தூக்கி, மூக்கின் உட்புறம் விரல் விட்டுத் திருகைப் பிடித்தேன். வழுக்கியது. திருகினேன். ரத்தம் உதட்டுக்கு வந்தது, உப்பு, அதில் அம்மா மென்று ஊட்டினது எதுவும் இருக்கிறதா என்று நாக்கு தேடியது. மூக்குத்தியைக் கைலியில் துடைத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டாள். எனக்கு என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்திருந்தது, வந்த நாளிலிருந்தே தெரிந்திருந்தது, அதைச் சொல்லக் கூடாது என்றுதான் நேற்று ஆசாரியின் முக்காலியில் போய் உட்கார்ந்தேன். "ஆச்சி" என்றேன். நாற்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக. குரலை மாற்றி, கடைப் பெண்கள் பேசுவது மாதிரி மலாயில், ஆச்சி, உங்க மகதான் இதைப் பத்திரமா வச்சுக்கச் சொல்லிக் குடுத்துச்சு, வந்துக்கிட்டு இருக்கு, நீங்க சாப்பிடுங்க. அம்மாவின் உடம்பு சுவரை விட்டுத் தளர்ந்தது. ஆச்சி என்கிற சொல்லுக்கு அவ்வளவு சீக்கிரம் இளகினாள், கடலை வாங்க வந்தவர்களுக்கு ஒரு பிடி கூடப் போடுகிற அதே முகம். வாயைத் திறந்தாள். முதல் கரண்டி. இரண்டாவது. மென்றுகொண்டே பெருமையாகச் சொன்னாள், மலாயில், என் மகள் வெளிநாட்டில் வாத்தியார், பார்த்தால் தெரிந்துகொள்வாய், மூக்கு அப்படியே என்னோடது. "தெரியும் ஆச்சி" என்றேன். அவள் என் மேலுதட்டைப் பார்த்தாள், சேலைத் தலைப்பை எடுத்து அங்கிருந்த ரத்தத்தை ஒற்றினாள், வலிக்குமே என்று உச்சுக் கொட்டினாள். பிறகு, முன்பின் தெரியாத ஒரு பிள்ளையிடம் கேட்கிற கரிசனத்தோடு கேட்டாள், "அமோய், மாக் அடா கா?" உனக்கு அம்மா இருக்காங்களா. மழை பலத்துவிட்டது, அவளுக்குக் கேட்க வேண்டுமே என்று குனிந்து அவள் காதருகில் சொன்னேன், "அடா." இருக்காங்க. தலையை ஆட்டிக்கொண்டாள், நல்லது என்பது போல. அப்ப வெள்ளனவே வீட்டுக்குப் போ, மழை வேற, உங்கம்மா தேடுவாங்க என்றாள். சரி ஆச்சி, இன்னும் ஒரு வாய் என்றேன்.